தண்ணீருக்குப் பச்சை விளக்கு

ஒவ்வொரு கல்வி ஆண்டிலும் மாணவர்களுக்கு ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்தே தீர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுப்பார்கள். ஒரு வருஷம் மரம் நட்டார்கள். மறு வருஷம் அதே குழியில் வேறு மரம் நட்டார்கள். அதற்கடுத்த வருஷம் யோகாசனம். குழியும் போதும், குனிந்ததும் போதும் என்று தோன்றியதாலோ என்னவோ, இந்த வருஷம் பிள்ளைகளைச் சிந்திக்க வைப்பது என்று தீர்மானமாயிற்று.

'எங்கள் ஊர், எங்கள் தீர்வு' என்று திட்டத்துக்குப் பெயர். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையைக் கண்டறிந்து, அதற்கு ஒரு கருவி செய்ய வேண்டும். துணைக்குத் தொழில் துறையிலிருந்து அனுபவசாலி ஒருவர் வழிகாட்டியாக நியமிக்கப்படுவார். வேலூரில் நடக்கும் மண்டலப் போட்டியில் முதலாவதாக வரும் அணிக்குக் கேடயம், சான்றிதழ், பனியன். அத்தோடு, எந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டார்களோ அதற்குண்டான வசதியும் அவர்கள் பள்ளிக்கே செய்து தரப்படும். இந்தக் கடைசி வரியை யார் கண்ணிலும் படாதபடி மிகச் சிறிய எழுத்தில்தான் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அதைப் படித்துத் தொலைத்துவிட்டாள்.

ஊர்ப் பெயர் வேண்டாம், வம்பு. ஆம்பூரில் பஸ் ஏறினால் ஷூ கம்பெனிகளைத் தாண்டியதும் வரும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே சொந்த வீடு, வாடகைக்கு இரண்டு போர்ஷன், மகளிர் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் துணைத் தலைவர் பதவி. தலைவர் துபாயில் இருக்கிறார். ஆகவே பள்ளியில் எந்த விழா நடந்தாலும் மேடையில் ஒரு நாற்காலி எனக்கு உண்டு. நான் சொல்லப்போவதெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததும் கேட்டதும்தான்.

எங்கள் பள்ளிக் குழாய்த் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தண்ணீருக்கு நிறம், மணம், சுவை கிடையாது என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அதை எழுதியவர் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. எங்கள் தண்ணீருக்கு மூன்றும் உண்டு. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஒரு வாய் குடித்தால் உப்பு தொண்டையிலேயே நின்றுகொள்ளும். வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர்தான். பள்ளிக்கூடத்துக்குக் கேன் போடுவதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. ஆகவே பெண் பிள்ளைகள் காலையில் வந்து சாயங்காலம் போகும்வரை வாயில் தண்ணீர் படாமல் காலம் தள்ளினார்கள்.

அப்படி ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு அஃப்ஷா காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சுருண்டு விழுந்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அறிவியல் ஆசிரியை பிரிசில்லா டீச்சர். கூடவே ஓடியவள் அஃப்ஷாவின் பெஞ்சுத் தோழி ஷர்மிளா.

டாக்டர் சோதித்துவிட்டு, "ஒண்ணும் பயமில்ல. நிறைய தண்ணி குடிக்கணும்மா" என்றார்.

"எந்தத் தண்ணிய டாக்டர்?" என்று கேட்டாள் அஃப்ஷா.

டாக்டர் தன் மேஜை மேலிருந்த பாட்டிலை ஒரு முறை பார்த்தார். பிறகு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அந்த வாரம்தான் சுற்றறிக்கை வந்தது. அதன் கடைசி வரியைப் படித்தவள் ஷர்மிளா. ஜெயித்தால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஃபில்டர் வரும். அவளுக்குக் கேடயமும் வேண்டாம், பனியனும் வேண்டாம். அந்த ஃபில்டர் ஒன்று வந்தால் போதும் என்று அவள் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருக்கும் அவள் அம்மா, "படிக்கிற வேலையப் பாருடி" என்று சொல்லிப் பார்த்தாள். நடக்கவில்லை.

இரண்டு பெண்களும் யூடியூபைப் பார்த்து, எலெக்ட்ரிகல் கடையில் சாமான் வாங்கி, ஒரு டிபன் டப்பாவுக்குள் மெஷினைச் செய்துவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் வைத்தால் உப்பு எவ்வளவு என்று அதுவே பார்த்துக்கொள்ளும். உப்பு கம்மியாக இருந்தால் பச்சை விளக்கு. ஜாஸ்தியானால் சிவப்பு விளக்கு, கூடவே மணி. எந்த அளவுக்கு மேல் போனால் மணி அடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய, டப்பாவின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு. பள்ளிக் குழாய்த் தண்ணீரில் வைத்தார்கள். அடித்த மணியில் பிரேயர் விட்டாயிற்று என்று நினைத்து ஆறாம் வகுப்பு கலைந்துவிட்டது.

இதற்கிடையில் திட்ட ஒருங்கிணைப்பு அலுவலர் சுந்தரி மேடம் எங்கள் பள்ளிக்கு விஜயம் செய்தார். பிள்ளைகளுக்கு 'சிந்தனைப் பயிற்சி' என்றார். இப்போதெல்லாம் சிந்திப்பதற்கு மஞ்சள் நிற ஒட்டுச் சீட்டு அவசியமாம். ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, மனதில் தோன்றும் பிரச்சினையை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். எல்லாப் பெண்களும் 'தண்ணி' என்று எழுதி ஒட்டினார்கள். மேடம் சுவரைப் பார்த்துவிட்டு, "வேற வேற மாதிரி யோசிக்கணும்மா" என்று வருத்தப்பட்டார்.

ஷர்மிளா எழுந்து, "எங்க பிரச்சினை தண்ணிதான் மேடம்" என்றாள்.

"உங்க ஊர்ல தண்ணிப் பிரச்சினை கிடையாதேம்மா."

"இருக்குது மேடம். உப்பு."

"குடிக்கத் தகுந்ததுன்னு டெஸ்ட் பண்ணி சான்று குடுத்திருக்காங்க. உங்க டேங்க் மேலதானே ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கு?"

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்க மேடம்."

"நான் குடிச்சுச் சொன்னா அது என் அபிப்பிராயம். சான்றுல இருந்தாத்தான் அது உண்மை" என்ற மேடம், கைப்பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். "இல்லாத பிரச்சினைக்குத் தீர்வு கண்டுபிடிச்சா, நாளைக்கு அந்தத் தீர்வைக் காப்பாத்த ஒரு பிரச்சினையை நாமதான் உண்டாக்க வேண்டி வரும். புரியுதா?"

யாருக்கும் புரியவில்லை. நான் மேடையில் இருந்ததால் தலையாட்டினேன்.

கடைசியில் பிரிசில்லா டீச்சர்தான் மன்றாடி ஒரு வழி பண்ணினார். தண்ணீர் கெட்டிருப்பதைக் கண்டுபிடிக்கும் கருவி என்ற தலைப்பு அடிக்கப்பட்டு, தண்ணீர் நன்றாக இருப்பதை உறுதிப்படுத்தும் கருவி என்று திருத்தப்பட்டது. டீச்சர் பயந்துகொண்டே ஷர்மிளாவிடம் சொன்னார்.

"பேர் எதுவா இருந்தா இன்னா டீச்சர்? மெஷின் அதேதானே" என்றாள் அவள். பாவம், சின்னப் பெண்.

அடுத்து வழிகாட்டிகள் ஒதுக்கீடு. இதில் எந்தப் பாரபட்சமும் கூடாது என்பதற்காக, யாருக்கு என்ன தெரியும் என்று கேட்காமலே ஒதுக்கினார்கள். திமிரியிலிருந்து சொட்டுநீர்ப் பாசனக் கருவி செய்துகொண்டு வந்த பையன்களுக்கு ஒரு பேக்கரி முதலாளி. கணியம்பாடியில் மாட்டுக்கு நோய் பார்க்கும் கருவி செய்தவர்களுக்கு நகைக்கடை மேனேஜர். எங்கள் பெண்களுக்கு ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றின் கலர் மாஸ்டர் வாஹித் பாஷா. தோல் வேலையிலும் தண்ணீர் புழங்குகிறது அல்லவா, அந்தப் பொருத்தம்.

வாஹித் பாஷாவைப் பற்றித் தவறாக ஒரு சொல் சொல்ல முடியாது. தங்கமான மனுஷன். அவர் வேலை, தோலின் நிறம் பார்ப்பது. தோல் வாங்கும் வெளிநாட்டு பையர் உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் துண்டை அனுப்புவான். இதுதான் பிரவுன் என்பான். அன்றிலிருந்து அந்த ஆர்டருக்கு அதுதான் பிரவுன். அவன் பச்சையை அனுப்பிப் பிரவுன் என்று சொன்னாலும் அதுதான் பிரவுன். கம்பெனியில் போட்ட தோலையும் அந்தத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மேட்ச்" என்றோ "ரிஜெக்ட்" என்றோ சொல்வார். அவர் மேட்ச் என்று சொன்ன ஒரு சரக்குகூடத் திரும்பி வந்ததில்லை என்று ஊரே சொல்லும்.

அவர் வந்தார். டப்பாவைக் கையில் வாங்கி, "மாஷா அல்லா" என்றார். கம்பியைக் குழாய்த் தண்ணீரில் விட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. மணி அடித்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா பேட்டா இது, அடிக்குதே?"

"தண்ணி கெட்டதா இருந்தா அடிக்கும் சார்" என்றாள் ஷர்மிளா.

அவர் தலையைத் தூக்கி, டேங்க் மேல் மாட்டியிருந்த சான்றைப் படித்தார். "அங்க நல்லதுன்னு போட்டிருக்கே."

"அது தப்பு சார்."

வாஹித் பாஷா காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "அப்படில்லாம் சொல்லக் கூடாது பேட்டா. எங்க லைன்ல ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. பையர் குடுத்த பீஸ் ஒண்ணு இருக்கு. நாம போட்ட தோல் ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒத்துப் போகல. தப்பு எதுல?"

"தோல்ல."

"கரெக்ட். பீஸ்ல தப்புன்னு எவனாச்சும் சொல்லுவானா? சொன்னா கண்டெய்னரோட திரும்பி வரும், கம்பெனிய மூடிட்டுப் போக வேண்டியதுதான். இங்க பையர் பீஸ் எது? மேல ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கே, அது."

ஷர்மிளா யோசித்தாள். நல்ல மூளை அவளுக்கு. "அப்படின்னா தண்ணியத்தானே சார் மாத்தணும்? தண்ணிதானே தோலு?"

வாஹித் பாஷா கொஞ்சம் தடுமாறிவிட்டார். மனுஷன் நேர்மையானவர், அந்தக் கேள்வியின் நியாயம் அவருக்குப் பட்டது. "வாஸ்தவம்தான்" என்றார். "ஆனா தண்ணிய மாத்த நமக்குப் பவர் இல்ல பேட்டா. மெஷின் நம்ம கையில இருக்குது."

ஒரு ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலைமுடி அளவு தலைமுடி அளவாகத் திருகைத் திருப்பினார். மணி நின்றது. சிவப்பு அணைந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஒரு அடி தள்ளி நின்று விளக்கையும் சான்றையும் மாறி மாறிப் பார்த்து, "மேட்ச்!" என்றார். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தோலின் நிறம் அடர்த்தியானாலும் ரிஜெக்ட், வெளுத்தாலும் ரிஜெக்ட் என்பது அவர் தொழிலின் சட்டம். ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது அரைகுறை வேலை என்று சொல்லி, உப்பு ஜாஸ்தியானாலும் மணி, கம்மியானாலும் மணி என்று அஃப்ஷாவைக் கொண்டு மாற்ற வைத்தார்.

"சாச்சா, கம்மியா இருந்தா நல்லதுதானே?" என்று அஃப்ஷா கேட்டாள்.

"லைட் ஷேடு நல்லதுன்னு எவன் சொன்னான்?" என்றார் அவர்.

ஷர்மிளா அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். பிரிசில்லா டீச்சர் அவளைத் தனியே கூட்டிப்போய், "மொதல்ல ஜெயிச்சுக்கலாம்மா. ஃபில்டர் வந்துட்டா திருகைப் பழையபடி திருப்பிக்கலாம். யாரு கேக்கப் போறாங்க?" என்றார். நானும் அதையே சொன்னேன். ஊரில் பெரியவர்கள் என்று இருந்த எல்லோரும் அதையே சொன்னோம். அவள் ஃபில்டரை நினைத்துக்கொண்டு சரி என்றாள். வாஹித் பாஷா தன் செலவில் மெஷினுக்கு ஒரு தோல் உறை தைத்துக் கொடுத்தார். உள்ளே எப்படியோ, வெளியே ஏற்றுமதித் தரம்.

வேலூர்ப் போட்டியைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் பிள்ளைகள் அத்தனை பேரும் கோட்டு போட்டிருந்தார்கள். கண்டுபிடிப்பாளர் என்றால் கோட்டு போட வேண்டும் என்று யாரோ எங்கேயோ பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டார்கள். கல்யாண வீட்டு மாப்பிள்ளைக் கோட்டுகளை வாடகைக்கு எடுத்து, கையை மடித்து ஊசி குத்தி அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் மேடையில் ஏறி, காதில் மைக்கை மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே பேசினார்கள். நின்று பேசினால் மதிப்பெண் கம்மி.

திமிரிப் பையன்களிடம் நடுவர் ஒருவர், "இதை எப்படி ஸ்கேல் பண்ணுவீங்க, அதாவது பெரிய அளவுல கொண்டுபோவீங்க?" என்று கேட்டார். பையன் கொஞ்சம் யோசித்து, "நிலம் பெருசா இருந்தா பைப்பு நீளமாப் போடுவோம் சார்" என்றான். அது சரியான பதில். அதனாலேயே தோற்றான்.

மற்ற அணிகளின் மேல் நடுவர்களுக்கு வேறொரு வருத்தமும் இருந்தது. ஒருத்தன் ரோட்டில் பள்ளம் என்றான். ஒருத்தி குப்பை என்றாள். ஒரு அணி கொசுவைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தே கொண்டுவந்திருந்தது. எங்கே பார்த்தாலும் குறை. அப்போதுதான் எங்கள் பெண்கள் ஏறினார்கள். பள்ளித் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி, கம்பியை வைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது.

"அப்ப உங்க ஊர்த் தண்ணி?" என்று கேட்டார் நடுவர்.

ஷர்மிளாவின் பார்வை கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அஃப்ஷாவின் அம்மா மேல் போயிற்று. பிறகு, "பச்சை சார்" என்றாள்.

"சான்றோட ஒத்துப் போகுதா?"

"அப்படியே ஒத்துப் போகுது சார்."

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்டலத்திலேயே ஒரு குறையும் கண்டுபிடிக்காத ஒரே கண்டுபிடிப்பு. சுந்தரி மேடம் எழுந்து நின்று கை தட்டினார். முதல் பரிசு.

பரிசு கொடுக்க வந்த சிறப்பு விருந்தினர் பெரிய அதிகாரி. ஆர்வமானவர். கேடயத்தைக் கொடுத்துவிட்டு, "நானும் ஒரு தடவை பாக்குறேன்" என்று தன் முன்னாலிருந்த விலை உயர்ந்த பாட்டில் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி, கம்பியை வைத்தார்.

சிவப்பு விளக்கு. மணி.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுந்தரி மேடம் வாயைத் திறந்து, மெஷின் ரிப்பேர் என்று சொல்லப் போனார். ஆனால் மெஷின் சரியாக இருக்கிறது என்று சற்று முன்புதான் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். அலுவலர் கையெழுத்துப் போட்ட பின் மெஷின் தவறாக முடியாது. மிச்சமிருப்பது பாட்டில்தான்.

"அப்ப இத்தனை வருஷமா நான் குடிச்சது?" என்றார் விருந்தினர். முகம் வெளிறிப் போயிருந்தது.

கீழே இருந்து வாஹித் பாஷா எழுந்து கத்தினார். "லைட் ஷேடு சார்! உப்பு கம்மி!"

"கம்மின்னா கெட்டதா?"

"மேட்ச் ஆகல சார். அவ்ளோதான்."

பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழு கூடி, 'உப்புக் குறைபாடுள்ள நீர்' என்று ஒரு புதிய வகையைக் கண்டறிந்தது. இனி மண்டலத்தில் எந்தத் தண்ணீரானாலும் எங்கள் பெண்கள் செய்த கருவியில் பச்சை விளக்கு பெற்றால்தான் குடிக்கத் தகுந்தது என்று உத்தரவு வந்தது. அதே மாதிரி மெஷின்கள் செய்து பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். திருகு இருந்த இடத்தில் பார்த்துப் பார்த்து அரக்கு வைத்துச் சீல் போட்டார்கள்.

ஃபில்டரும் சொன்னபடி வந்தது. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். லாரியில், சிவப்பு ரிப்பன் கட்டி வந்தது. பள்ளியே வாசலில் நின்றது. ஷர்மிளாவும் அஃப்ஷாவும் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கத்திரிக்கோல் தட்டைப் பிடித்திருந்தவன் நான். லாரியிலேயே வைத்து, பள்ளிக் குழாய்த் தண்ணீரை விட்டு ஃபில்டரை ஓட்டிக் காட்டினார்கள். அதன் குழாயிலிருந்து கண்ணாடி மாதிரி தண்ணீர் வந்தது. அஃப்ஷா ஒரு கை பிடித்துக் குடித்துவிட்டுச் சிரித்தாள். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விதிப்படி, லாரியோடு வந்திருந்த இன்ஜினியர் அந்தத் தண்ணீரில் கருவியை வைத்தார். சிவப்பு விளக்கு. மணி.

"நல்ல தண்ணியை உள்ள விட்டா கெட்ட தண்ணியா வருதே. இதைப் பள்ளிக்கூடத்துல வைக்க எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றார் இன்ஜினியர்.

ஷர்மிளா ஓடிவந்தாள். "மேடம், அந்தத் திருகைப் பழையபடி திருப்பணும். நாங்கதான் மாத்தி வெச்சோம். திருப்பினா சரியாயிடும் மேடம்."

"பரிசு வாங்கின மெஷின்ல கை வைக்கக் கூடாதும்மா" என்றார் சுந்தரி மேடம், மிகவும் அன்பாக. "கை வெச்சா பரிசு செல்லாது. பரிசு செல்லலன்னா ஃபில்டர் கிடையாது."

"இப்ப மட்டும் ஃபில்டர் இருக்குதா மேடம்?"

"இருக்கே. லாரியில இருக்கு."

லாரி ரிப்பனோடு திரும்பிப் போயிற்று. இரண்டு பெண்களும் அது திருப்பத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையில் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். கேன் போடும் மஹபூப் பாஷாவின் தண்ணீருக்கு எல்லா இடத்திலும் மணி அடித்தது. வியாபாரம் படுத்துவிடும் போலிருந்தது. அவர் விவரமானவர். கேனுக்கு ஒரு பிடி கல்லுப்பைப் போட்டு ஆட்டிப் பார்த்தார். பச்சை எரிந்தது. 'பச்சை விளக்கு பெற்றது' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். முதல் வாரம் குமட்டியது. அப்புறம் பழகிவிட்டது. டீக்கடையில், "இப்பத்தான்யா தண்ணி தண்ணி மாதிரி இருக்குது" என்றுகூட ஒருவர் சொன்னார்.

ஊருக்கு மதிப்பும் கூடியது. முன்பெல்லாம், "உங்க ஊர்த் தண்ணிக்குப் பொண்ணு குடுத்துட்டு நாங்க அழவா?" என்று திருப்பத்தூர்ப் பக்கம் முகத்துக்கு நேரே சொல்வார்கள். பச்சை விளக்கு வந்தபின் தரகர்கள் தாமாகத் தேடி வந்தார்கள். நானும் வாசலில் ஒரு மெஷினை மாட்டினேன். காலியாகக் கிடந்த போர்ஷனுக்கு உடனே ஆள் வந்துவிட்டது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அரைப் பரீட்சை நடக்கும்போது அஃப்ஷா மறுபடியும் விழுந்துவிட்டாள். இந்தத் தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். சிறுநீரகத்தில் கல் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த ஷர்மிளா நேராகக் குழாயடிக்குப் போய், அங்கே மாட்டியிருந்த மெஷினின் அரக்கைச் சுரண்டி, திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டாள். பிரிசில்லா டீச்சர் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த பலகை.

மணி அடித்தது. நிற்காமல் அடித்தது. மெயின் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

பள்ளியில் கூட்டம் கூடிவிட்டது. மஹபூப் பாஷா வந்தார். வாஹித் பாஷா கம்பெனியிலிருந்து பெர்மிஷன் போட்டுவிட்டு வந்தார். பெற்றோர்கள் வந்தார்கள். சுந்தரி மேடத்துக்குத் தகவல் போய், ஜீப்பில் அவரும் வந்தார். நான் இல்லாமல் கூட்டமா? ஷர்மிளாவைச் சுற்றி நின்றுகொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"என் பையனுக்குப் பேச்சு நடக்குதும்மா. பொண்ணு வீட்டுக்காரங்க நாளைக்கு வர்றாங்க. இந்தச் சத்தம் கேட்டா இன்னா ஆவுறது?" இது ஷர்மிளாவின் பக்கத்து வீட்டு சவுரியம்மாள்.

"இன்னா பேஜார் பண்றியே! இந்த மெஷின் கெட்டதுன்னு சொன்னா என் ஸ்டிக்கரு இன்னாவுறது?" என்றார் மஹபூப் பாஷா.

"ஊர் மானம் போவுது" என்று கத்தினேன் நான். போர்ஷன் என்று வெளிப்படையாகச் சொல்ல முடியுமா?

"நாம பாஸ் பண்ணின சரக்கை நாமளே ரிஜெக்ட் பண்ணலாமா பேட்டா?" என்று வாஹித் பாஷா கெஞ்சினார்.

ஷர்மிளா எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "அஃப்ஷா ஆஸ்பத்திரியில கெடக்குறா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தக் கொழாத் தண்ணி நல்லதா, கெட்டதா?"

கெட்டது என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லியிருந்தால்கூடப் போதும் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. புதிதாகக் குடி வந்தவர்கள் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டேன்.

"நல்லதுதான்!" என்றேன்.

"நல்லதுதான்! நல்லதுதான்!" என்றது கூட்டம்.

"சரி" என்றாள் அவள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகைத் திருப்பினாள். மணி நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. சுந்தரி மேடம் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

உச்சி வெயில். கத்திக் கத்தி எங்கள் எல்லோருக்கும் தொண்டை வறண்டு போயிருந்தது. ஷர்மிளா அதைக் கவனித்துவிட்டாள் போலும். சத்துணவுக் கூடத்திலிருந்து தட்டு நிறைய தம்ளர்களைக் கொண்டுவந்து, குழாயைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தளும்பத் தளும்பப் பிடித்து, பச்சை விளக்குக்குக் கீழே நின்றுகொண்டு எங்களிடம் நீட்டினாள்.

மஹபூப் பாஷா நோன்பு என்றார். அது ரம்ஜான் மாதமில்லை. சவுரியம்மாளுக்கு அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்தது. சுந்தரி மேடம் ஒரு தம்ளரை எடுத்து உயர்த்திப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். வாஹித் பாஷா ஒரு தம்ளரைக் கையில் வாங்கிவிட்டார். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

கடைசியாக நான்தான் மிஞ்சினேன்.

"எனக்குப் பச்சைத் தண்ணி ஒத்துக்காதும்மா" என்றேன்.

"காய்ச்சிக் கொண்டாரட்டா அங்கிள்?" என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகத்தான் கேட்டாள்.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்தேன். தொண்டை எரிந்தது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே சோடாக் கடைக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே எல்லோரும் அங்கே வந்து நின்றிருந்தார்கள். மேடத்தின் ஜீப்பும் நின்றிருந்தது. ஆளுக்கொரு சோடா வாங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குடித்தோம்.